விஆரில் ஒரு கதவு: இரண்டு வாரமாகத் திறக்க முடியவில்லை

#1 · அரைக்கண்

கேள்வி சின்னது, கதைதான் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேய் விளையாட்டு எனக்குப் புதிதல்ல. 2010-ல் வந்த அம்னீஷியாவை விளக்கை அணைத்துவிட்டு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இரண்டே இரவில் முடித்தவன். நண்பர்கள் "இவன் நெஞ்சு கல்லுடா" என்பார்கள். நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு உளவியல் திகில் விளையாட்டு. பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் இன்னும் விளையாடாதவர்கள் என்னைத் திட்டுவார்கள். போன வருடம் டிவியில் விளையாடி முடித்துவிட்டேன். விஆர் (மெய்நிகர் உலகம்) ஹெட்செட் வாங்கியதும் அதையே விஆரில் முதலிலிருந்து தொடங்கினேன். பழைய வீடு. கையில் ஆயுதம் கிடையாது. மேல்மாடியில் ஒரு குழந்தை அறை, அதற்கு ஒரு கதவு. டிவியில் ஒரு பட்டனை அழுத்தினால் அது திறந்துவிடும். விஆரில் கையை நீட்டிக் கைப்பிடியைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி, நாமே தள்ள வேண்டும். உள்ளே யாரோ தாலாட்டு மாதிரி எதையோ முனகுகிறார்கள்.

பிடித்தேன். திருப்பினேன். ஒரு விரற்கடை திறந்தது. அந்த இடுக்கில் இருட்டு. கையை விட்டுவிட்டேன். கதவு மெல்ல, தானாகவே சாத்திக்கொண்டது.

இரண்டு வாரமாக இதேதான். இரவு பத்து மணிக்கு ஹெட்செட்டை மாட்டுகிறேன், மாடி ஏறுகிறேன், கதவுக்கு முன்னால் நிற்கிறேன், இறங்கி வந்துவிடுகிறேன்.

வேடிக்கை என்னவென்றால், உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நுழைந்ததும் இடது பக்கம் ஒரு மரக்குதிரை, ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். வேறு ஒன்றும் கிடையாது. யாரும் மேலே பாய மாட்டார்கள். டிவியில் அந்த அறைக்குள் போனபோது கொட்டாவி விட்டதுகூட நினைவிருக்கிறது.

நேற்று கால் தளர்ந்துபோய்ப் பக்கத்து மேசையில் கையை ஊன்றினேன். மேசை விளையாட்டுக்குள் இருந்தது. நான் தரையில் கிடந்தேன்.

தெரிந்த அறைக்குள் நுழைய ஏன் முடியவில்லை? உங்களில் யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

#2 · பாஸ்_பட்டன்

விஆரில் பாஸ் பட்டன் மூக்குக்கு மேலே இருக்கிறது. கழற்றி மேசையில் வைக்கவும். நிஜ மேசையில்.

அப்புறம் ஒரு சந்தேகம். டிவியில் இருந்த அதே அறைதான் விஆரிலும் இருக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

#3 · அரைக்கண்

நன்றி. இன்னும் இரண்டு வாரம் கூடிவிட்டது.

#4 · பள்ளத்தாக்கு

அரைக்கண், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை ஆராய்ச்சிக்கூடத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

நார்த் கரோலைனா பல்கலைக்கழகத்தில் ஒரு விஆர் அறை செய்தார்கள். அறை நடுவே தரை கிடையாது, பெரிய பள்ளம். எட்டிப் பார்த்தால் கீழ்த்தளம் தெரியும். வருபவர்கள் பள்ளத்தின் விளிம்புக்குப் போய்க் கையிலிருக்கும் பொருளைக் கீழே போட வேண்டும். கீழே இருப்பது ஆய்வுக்கூடத்தின் சமதரைதான் என்று எல்லோருக்கும் தெரியும், நடந்து வந்த தரைதானே. ஆனாலும் விளிம்புக்குப் போனதும் நாடித்துடிப்பு ஏறியது. 2002-ல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்: நிஜத் தரையில், விளிம்பு வரும் இடத்தில், ஒன்றரை அங்குல உயரத்துக்கு ஒரு மரப்பலகையை வைத்தார்கள். கால்விரலுக்கு ஒரு முனை தட்டுப்படும், அவ்வளவுதான். ஒன்றரை அங்குலம் இறங்கினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் பலகை இருந்தபோது பயம் இன்னும் கூடியது.

மெல் ஸ்லேட்டர் என்ற ஆய்வாளர் 2009-ல் இதை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். ஒன்று, "நான் இந்த இடத்தில் இருக்கிறேன்" என்ற மயக்கம். மற்றது, "இது நிஜமாகவே நடக்கிறது" என்ற மயக்கம். இரண்டும் வருவதற்கு நாம் ஏமாற வேண்டியதே இல்லை. பொய் என்று தெரிந்துகொண்டேதான் உடம்பு நிஜம் போல நடந்துகொள்ளும். உங்களுக்கு மரக்குதிரை பற்றித் தெரியும். உங்கள் முழங்காலுக்குத் தெரியாது.

இதே வித்தையை மருந்தாகவும் பயன்படுத்துகிறார்கள். பார்பரா ராத்பாம் குழுவினர் 1995-லேயே உயரத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு விஆர் மூலம் சிகிச்சை தந்து பார்த்தார்கள். படிப்படியாக, தாங்குகிற அளவு மட்டும் உயரத்தைக் கூட்டினார்கள். பயம் நிஜமாக வராவிட்டால் அந்தச் சிகிச்சைக்கு வேலையே இல்லை.

#5 · பழையகன்சோல்

இது கொஞ்சம் மாற்றுக்கருத்து. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பள்ளம் என்றால் கால் நடுங்கும். அது உடம்பின் பயம். ராட்டினத்தில் ஏறினாலும் அதே பயம்தான். அதற்கும் உளவியல் திகிலுக்கும் என்ன சம்பந்தம்? 1999-ல் வந்த சைலன்ட் ஹில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கன்சோலால் தூரத்தை வரைய முடியவில்லை, அதனால் பனிமூட்டத்தைப் போட்டு மூடினார்கள். முகங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்கும். அந்த அரைகுறைப் படத்தை நம் மனசுதான் நிரப்பியது. விளையாட்டை நிறுத்திப் படுத்த பிறகுதான் பயம் தொடங்கும்.

உளவியல் திகிலுக்கு ஒரு எட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்பது என் கட்சி. திரைக்குள் ஒருவன் மெல்ல மெல்லக் கெட்டுப்போவதைப் பார்த்து, "ஐயோ, இவனை நடத்துவது நான்தானே" என்று உறைக்க வேண்டும். முகத்தோடு முகமாகப் பெட்டியைக் கட்டிவிட்டால் யோசிக்க எங்கே இடம்? அலறத்தான் இடம்.

தம்பி அரைக்கண், அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நீங்கள் அந்த வீட்டின் கதையை நினைத்துப் பயப்படவில்லை. இருட்டைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள்.

#6 · அரைக்கண்

அண்ணே, இதுவரை அந்த வீட்டில் எதுவும் என் மேல் பாயவில்லை. ஒருமுறைகூட இல்லை. அலறவும் இல்லை. சும்மா நிற்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. டிவியில் கதவைத் திறந்தது அந்தக் கதையின் நாயகன். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே கதவைத் திறக்க வேண்டியவன் நான். திறக்காமல் திரும்பிப் போகவும் எனக்கு உரிமை இருக்கிறது. அதுதான் தொல்லை. இரண்டு வாரமாக முடிவெடுத்துக்கொண்டே இருக்கிறேன்.

#7 · இடதுகாது

எல்லோரும் கண்ணைப் பற்றியே பேசுகிறீர்கள். முனகல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அரைக்கண்?

சாதாரண ஹெட்போனில் இடது காதில் ஒரு குரல் கேட்டால், நீங்கள் தலையைத் திருப்பினாலும் அது இடது காதிலேயே இருக்கும். தலையோடு சேர்ந்து குரலும் சுற்றுவதால் "இது பதிவு செய்த ஒலி" என்று மூளை ஒதுக்கிவிடும். விஆரில் தலை எங்கே திரும்புகிறது என்பது கருவிக்குத் தெரியும். ஒலியை அறையின் ஓர் இடத்தில் ஆணியடித்துவிடலாம். தலையைத் திருப்பினால் குரல் இடது காதிலிருந்து நகர்ந்து நெற்றிக்கு நேரே வரும். நிஜத்திலும் அப்படித்தானே? முன்னால் கேட்கிறதா பின்னால் கேட்கிறதா என்று குழம்பினால் தலையைக் கொஞ்சம் அசைத்துப் பார்ப்போம். விஆரில் அந்தப் பழைய பழக்கம் பலிக்கிறது. பலித்த நொடியில் மூளை தோற்றுவிடுகிறது.

பழையகன்சோல் சொன்ன "யோசிக்க இடமில்லை" என்பதற்கு எதிர்ச்சாட்சி ஹெல்பிளேட் என்ற விளையாட்டு. 2017-ல் நிஞ்சா தியரி வெளியிட்டது; 2018-ல் விஆர் பதிப்பு வந்தது. நாயகி செனுவாவுக்குக் காதில் குரல்கள் கேட்டுக்கொண்டே இருக்கும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மனநல மருத்துவர் பால் ஃப்ளெட்சரையும், அத்தகைய குரல்களைத் தாங்களே கேட்டு வாழ்ந்தவர்களையும் கலந்து பேசித்தான் அதைச் செய்தார்கள். மனிதத் தலை வடிவ மைக்கைச் சுற்றி நடிகைகள் நடந்துகொண்டே பேச, அப்படியே பதிவு செய்தார்கள். ஒரு குரல் எச்சரிக்கும், ஒரு குரல் சிரிக்கும், இன்னொன்று "திரும்பிப் பார்க்காதே" என்கிற தொனியில் பிடரிக்குப் பின்னால் இருக்கும். அதில் அலற ஒன்றுமில்லை. ஒருத்தியின் தலைக்குள் உட்கார்ந்துவிட்டு வருகிறோம். அது உளவியல் இல்லையென்றால் வேறு எது?

#8 · அரைக்கண்

முனகல் எனக்கு நேர் எதிரே, கதவுக்கு அந்தப் பக்கம். முழங்கால் உயரத்தில்.

முழங்கால் உயரம் என்பதை இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

#9 · பாஸ்_பட்டன்

இப்போது எனக்கும் தூக்கம் போய்விட்டது. நன்றி.

#10 · நிழல்நிரல்

பொழுதுபோக்காகச் சின்னச் சின்ன விஆர் விளையாட்டு செய்பவன் நான். செய்கிறவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

திரை விளையாட்டில் பயமுறுத்துவது சுலபம். கேமரா நம் கையில். வேண்டிய இடத்துக்குத் திருப்பலாம், வெட்டலாம், ஆட்டலாம். விஆரில் கேமரா என்பது விளையாடுபவரின் கழுத்து. அதை நாம் திருப்பினால் குமட்டும், அதனால் தொடவே கூடாது. நான் பாடுபட்டுச் செய்த பேயை அவர் பார்க்காமலே போய்விடலாம். போயிருக்கிறார்கள்! ஒருவர் அறை முழுக்கக் குனிந்து இழுப்பறைகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் என் பேய் வந்து, நின்று, போய்விட்டது.

ஆனால் எதிர்ப்பக்கமாக ஒரு வரம் கிடைக்கிறது. அவர் எதைப் பார்க்கிறார் என்பதைவிட, எதைப் பார்க்கவில்லை என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியும். பார்க்காத பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நாற்காலியை நகர்த்தலாம். வந்த வழியைச் சுவராக்கலாம். திரும்பும்போது உலகம் மாறியிருக்கும், மாறும்போது அவர் பார்த்திருக்க மாட்டார். 2023-ல் வந்த ஸ்விட்ச்பேக் விஆர் இன்னும் ஒரு படி மேலே போனது. அது ஓடும் பிளேஸ்டேஷன் விஆர்2 ஹெட்செட்டுக்குள் கண்ணைக் கவனிக்கும் கேமரா உண்டு. ஒரு கட்டத்தில் பொம்மைகள் நாம் கண் சிமிட்டும்போது மட்டும்தான் நகரும். எத்தனை நேரம் சிமிட்டாமல் இருக்க முடியும்? கண் எரிய எரிய முறைத்துக்கொண்டிருப்பீர்கள்.

உடம்பையே விளையாட்டுக்குள் இழுப்பதும் விஆரில்தான் நடக்கும். 2020-ல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் முழுத் திகில் விளையாட்டுகூட இல்லை. ஆனால் அதில் ஜெஃப் என்று ஒரு பிறவி வரும். கண் தெரியாது, காது கூர்மை. சுற்றிலும் பூஞ்சைத் தூள் பறப்பதால் நமக்கு இருமல் வரும். இருமினால் அது வந்துவிடும். என்ன செய்ய? கையைத் தூக்கி வாயைப் பொத்த வேண்டும். பட்டன் கிடையாது, நிஜமாகவே கையை வாயருகே கொண்டுபோக வேண்டும். இப்போது ஒரு கைதான் மிச்சம். அந்த ஒரு கையால் கதவைத் திறக்க வேண்டும், சத்தமில்லாமல். பல பேர் வாயைப் பொத்தியதோடு மூச்சையும் பிடித்துக்கொண்டார்கள். அதை விளையாட்டு கேட்கவே இல்லை.

என்னுடைய தோல்வி ஒன்று. ஒரு மாதிரி விளையாட்டில், திரும்பினால் அரையடி தூரத்தில் ஒரு முகம் இருக்கும்படி வைத்தேன். திரையில் சோதித்தபோது பிரமாதம். விஆரில் முதல் ஆளுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் கத்தவில்லை. அப்படியே உறைந்துபோய், ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "இது வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். திரையில் பேய் ஒரு சாண் உயரம். விஆரில் ஆறடி, நம் மூச்சுக்காற்று படும் தூரத்தில். அது பயமுறுத்துவது இல்லை, அத்துமீறுவது. எடுத்துவிட்டேன். இப்போது அந்த முகம் அறையின் அந்தக் கோடியில், பாதி கதவுக்குப் பின்னால் நிற்கிறது. அசையாது. அதைத் தாண்டிப் போகத்தான் யாராலும் முடியவில்லை.

#11 · பழையகன்சோல்

முகத்தைத் தள்ளி வைத்ததும்தான் வேலை செய்தது என்கிறீர்கள். "ஒரு எட்டுத் தள்ளி" என்று நானும் அதைத்தானே சொன்னேன்?

#12 · நிழல்நிரல்

அட, ஆமாம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தூரத்தை நடந்து கடக்க வேண்டியது விளையாடுபவரின் கால்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துத் தூரம் வேறு, இது வேறு.

கூடவே ஒன்று. 2014-ல் வந்த ஏலியன்: ஐசோலேஷனில் ஏலியனை நடத்த இரண்டு கணினி மூளைகள் இருக்கும். ஒன்றுக்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று எப்போதும் தெரியும், ஆனால் அது ஏலியனுக்கு "அந்தப் பக்கம் போய்ப் பார்" என்று மேலோட்டமாகத்தான் துப்புக் கொடுக்கும். ஏலியன் தன் கண்ணாலும் காதாலும்தான் தேட வேண்டும். அதனால்தான் அது கண்டுபிடித்தால் "ஏமாற்றிவிட்டது" என்று தோன்றாது, "நான் சத்தம் போட்டுவிட்டேன்" என்று தோன்றும். குற்றம் நம் பக்கம். அதற்கு அதிகாரபூர்வ விஆர் பதிப்பு வரவில்லை, ரசிகர்கள் தாங்களே செய்த மாற்றம் (மாட்) உண்டு. அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு, இடுக்கு வழியே பார்ப்பதற்குத் தலையை நாமே சாய்க்க வேண்டும். போதும், நான் மேலே சொல்லவில்லை.

#13 · தலைசுற்றி

தத்துவம் போதும். கொஞ்சம் நடைமுறை.

அரைக்கண், உங்களுக்கு வந்தது பயம்தானா என்று முதலில் பாருங்கள். குளிர்ந்த வியர்வை, வயிற்றில் ஒரு புரட்டல், கால் தளர்வு: இவை விஆர் குமட்டலுக்கும் அடையாளம். கண் "நகர்கிறேன்" என்கிறது, உள்காது "இல்லை, நிற்கிறேன்" என்கிறது, இரண்டுக்கும் நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது. முதல் ஒரு மாதம் நான் பயந்தாங்கொள்ளி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்புவதை வழுக்கும் வகையிலிருந்து வெட்டி வெட்டித் திரும்பும் வகைக்கு மாற்றினேன். நகரும்போது பார்வையின் ஓரத்தை இருட்டாக்கும் வசதியையும் போட்டேன். பாதி "பயம்" காணாமல் போனது. மிச்சப் பாதிதான் நிஜப் பயம்.

உட்கார்ந்து விளையாடினால் கால் தளர்ந்து விழ வேண்டியிருக்காது. 2017-ல் ரெசிடென்ட் ஈவில் 7 பிளேஸ்டேஷன் விஆரில் வந்தபோது முழு விளையாட்டையும் உட்கார்ந்தபடி சாதாரணக் கன்ட்ரோலரோடுதான் விளையாடினார்கள், அதில் பயத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அதற்கு முன்னோட்டமாக 2015-ல் காட்டிய சமையலறைக் காட்சியில் நம்மை நாற்காலியிலேயே கட்டிப்போட்டிருப்பார்கள். நிஜத்தில் உட்கார்ந்திருக்கிறோம், விளையாட்டிலும் உட்கார்ந்திருக்கிறோம். சாமர்த்தியம்.

நின்றுதான் விளையாடுவேன் என்றால் முன்னால் ஒரு மின்விசிறியை வையுங்கள். காற்று முகத்தில் அடித்தால் வியர்வையும் குமட்டலும் குறையும். முக்கியமாக, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்று எப்போதும் தெரியும். காற்று காதில் அடித்தால் திரும்பிவிட்டோம் என்று அர்த்தம். இதனால் நான் இரண்டு சுவர்களைக் காப்பாற்றியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு ரகசியம். பயம் தாங்காவிட்டால், விளையாட நாம் ஒதுக்கிய இடத்தின் எல்லைக்கோட்டை நோக்கி ஒரு எட்டு வையுங்கள். கட்டம் கட்டமாக வேலி தெரியும், அதற்கு அப்பால் தலையை நீட்டினால் சில கருவிகளில் நிஜ அறையே தெரியும். சோபா தெரியும். சோபாவைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அப்போதுதான்.

#14 · கருப்பே_கருப்பு

உங்கள் ஹெட்செட்டில் என்ன திரை? எல்சிடி என்றால் அந்தக் கதவிடுக்கில் இருந்தது இருட்டே இல்லை, சாம்பல். எல்சிடிக்குப் பின்னால் எப்போதும் ஒளி கசியும். ஓஎல்இடியில் புள்ளி அணைந்தால் அணைந்ததுதான். 2016-ல் வந்த ரிஃப்ட், வைவ், பிளேஸ்டேஷன் விஆர் ஹெட்செட்டுகள் மூன்றும் ஓஎல்இடி. அப்புறம் கூர்மை வேண்டும் என்று குவெஸ்ட் 2 எல்சிடிக்குப் போனது. திகிலுக்கு அது நஷ்டம்.

#15 · தலைசுற்றி

எழுத்தையே படிக்க முடியாத ஓஎல்இடி காலத்தை மறந்துவிட்டீர்கள். புள்ளிகளுக்கு நடுவே கொசுவலை மாதிரி தெரியும். கொசுவலைக்கு அந்தப் பக்கம் பேய் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

#16 · கருப்பே_கருப்பு

பிளேஸ்டேஷன் விஆர்2 பார்த்ததே இல்லையா? 2023-ல் வந்தது. ஓஎல்இடியும் உண்டு, கூர்மையும் உண்டு. கூடவே தலைக்கட்டே அதிரும்.

#17 · மட்டுறுத்துநர்

திரைச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. அடுத்த ஒன்பது பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே கதவு மட்டும்.

#18 · மஞ்சள்விளக்கு

எல்லோரும் சிரித்துக்கொண்டு பேசுவதால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

என் தலையில் இதை முதன்முதலில் மாட்டியவர் ஒரு உறவினர். "கடலுக்கடியில் மீன் பார்க்கலாம்" என்றார். மாட்டியது திகில் விளையாட்டை. சுற்றி நாலு பேர் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்வாங்கி மேசை முனையில் இடித்து, முழங்கை பிளந்தது. ஹெட்செட்டைக் கழற்றப் பட்டையை எங்கே தளர்த்துவது என்றுகூட எனக்குச் சொல்லித் தரவில்லை. இருட்டுக்குள் பட்டையைத் தேடிக்கொண்டிருந்த அந்த அரை நிமிடம்தான் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. அந்த விளையாட்டில் என்ன வந்தது என்பது மறந்தே போய்விட்டது.

எனக்கு ஏற்கெனவே திடீர்ப் பதற்றம் வருவதுண்டு. அன்றைக்கு அப்புறம் ஒரு மாதம் குளியலறைக் கதவைச் சாத்த முடியவில்லை. திரையில் என்றால் கண்ணை வேறு பக்கம் திருப்பினால் போதும், பக்கத்தில் ஜன்னல் இருக்கும், ஆள் இருக்கும். இதில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவேதான்.

பள்ளத்தாக்கு, நீங்கள் சொன்ன சிகிச்சையில் "படிப்படியாக, தாங்குகிற அளவு மட்டும்" என்று ஒரு சொல் வருகிறது. அந்தச் சொல்தான் எல்லாமே. புதியவர் யாருக்காவது மாட்டிவிடுவதாக இருந்தால், என்ன வரப்போகிறது என்று சொல்லுங்கள், எப்படிக் கழற்றுவது என்று காட்டுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகக்கூட வேண்டாம். பிளேஸ்டேஷன் விஆருக்கே 12 வயதுக்குக் கீழ் கூடாது என்றுதான் போட்டிருந்தார்கள், அது கருவிக்கு. திகில் விளையாட்டின் வயது வரம்பு அதற்கும் மேலே.

அரைக்கண், உங்கள் கதவை நீங்கள் திறக்காமலே விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

#19 · பாஸ்_பட்டன்

அக்கா, நானும் ஒருமுறை ஒரு நண்பனுக்கு அந்த மீன் பொய்யைச் சொல்லி மாட்டியிருக்கிறேன். வீடியோ இன்னும் போனில் இருக்கிறது. அழித்துவிடுகிறேன். அவனிடமும் பேசுகிறேன்.

#20 · பழையகன்சோல்

நான்கு நாள் கழித்து வருகிறேன். காரணம் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரிடம் ஹெட்செட்டை இரவல் வாங்கி ஒரு மணி நேரம் விளையாடினேன். வாதம் செய்கிறவன் ஒருமுறையாவது மாட்டிப் பார்க்க வேண்டாமா?

பேய் வந்தது. பரவாயில்லை, பயந்தேன், போயிற்று. என்னை உலுக்கியது வேறு. நடுவில் ஒரு கண்ணாடி வந்தது. எதிரே போய் நின்றேன். நான் தலையைச் சாய்த்தால் அந்த உருவமும் சாய்க்கிறது. கையைத் தூக்கினால் தூக்குகிறது. குனிந்து என் கையைப் பார்த்தேன். மெலிந்த, நகம் அழுக்கேறிய, யாரோ ஒருவனுடைய கை. விரலை மடக்கினேன், மடங்கியது. அது என் கை இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு ஆதாரமும் இல்லை. அங்கேயே ரொம்ப நேரம் நின்றேன். பேய் வந்தபோதுகூட அவ்வளவு நேரம் நிற்கவில்லை.

ஆக, யோசிக்க இடமில்லை என்று நான் சொன்னது தப்பு. இடம் இருக்கிறது.

ஆனால் பாதிதான் விட்டுக்கொடுப்பேன். நான்கு நாள் ஆகிறது. அந்த விளையாட்டின் கதையைச் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரியாது. யார் இறந்தார், ஏன் அந்த வீடு, அந்தக் கடிதங்களில் என்ன எழுதியிருந்தது, ஒன்றும் நிற்கவில்லை. அறை மட்டும் நிற்கிறது. நான் போய்வந்த அறை போல, ஜன்னல் எந்தப் பக்கம் என்பது வரை. சைலன்ட் ஹில்லின் கதையை இருபத்தைந்து வருடம் கழித்தும் என்னால் வரிசையாகச் சொல்ல முடியும். விஆர் எனக்கு ஒரு இடத்தைக் கொடுத்தது, கதையைக் கொடுக்கவில்லை.

#21 · இடதுகாது

கெட்ட கனவும் அப்படித்தானே? கதை மறந்துவிடும், அறை மறக்காது.

#22 · பள்ளத்தாக்கு

பழையகன்சோலின் கடைசிப் பத்தியோடு உடன்படுகிறேன், கொஞ்சம் வருத்தத்தோடு. ஹெட்செட்டில் கடிதம் படிக்கும்போது எனக்கும் ஒரு வரிகூட உள்ளே போவதில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்றுதான் பாதிக் கவனம் இருக்கிறது.

#23 · அரைக்கண்

திறந்துவிட்டேன்.

கேளுங்கள். நேற்று இரவு. தலைசுற்றி சொன்னபடி அமைப்பெல்லாம் மாற்றி, முன்னால் மின்விசிறி வைத்தேன். மஞ்சள்விளக்கு அக்கா சொன்னதை நினைத்துக்கொண்டு, பட்டையைத் தளர்த்தும் திருகை ஒருமுறை தொட்டுப் பார்த்துவைத்தேன். மாடி ஏறினேன். அதே கதவு. அதே முனகல்.

அப்போதுதான் நிழல்நிரல் எழுதியது நினைவுக்கு வந்தது. என் ஹெட்செட்டுக்குள் கண்ணைக் கவனிக்கும் கேமரா கிடையாது. நான் கண்ணை மூடியிருக்கிறேனா, திறந்திருக்கிறேனா என்று விளையாட்டுக்குத் தெரியாது. சரி என்று கண்ணை இறுக மூடினேன். கைப்பிடியைப் பிடித்தேன், திருப்பினேன், தள்ளினேன். கீல் கிறீச்சிட்டது. கட்டைவிரலால் கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளி இரண்டு எட்டு உள்ளே போனேன். முனகல் நின்றுவிட்டது.

அந்த அறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன். வந்தாயிற்று. இப்போது கண்ணைத் திறக்க வேண்டும், அவ்வளவுதானே? அது முடியவில்லை. இவ்வளவு நாள் வெளியே இருந்த கதவு இப்போது என் இமையில் இருக்கிறது.

மரக்குதிரை ஆடும் சத்தம் கேட்டது. கிறீச், கிறீச் என்று, நிதானமாக. அதைக் கேட்டதும் ஒரு நிம்மதி. அப்பாடா, டிவியில் பார்த்த அதே குதிரை.

ஆனால் அது வலது பக்கம் கேட்டது.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன்.

#24 · பாஸ்_பட்டன்

இடது பக்கம் என்றுதானே முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள்?

#25 · நிழல்நிரல்

பதற வேண்டாம். இது ரொம்பச் சாதாரணம். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் நமக்குத் தெரியாமலே உடம்பு திரும்பிவிடும். கதவைத் தள்ளிய வேகத்தில் நீங்கள் ஒரு பாதிச்சுற்று சுற்றியிருப்பீர்கள். வந்த வாசலைப் பார்த்து நின்றிருந்தால் இடது பக்கக் குதிரை வலது பக்கம்தான் கேட்கும். ஒலி தன் இடத்திலேயேதான் இருக்கும், இடதுகாது விளக்கினாரே.

#26 · அரைக்கண்

நானும் அப்படித்தான் நினைத்துப் பார்த்தேன் அண்ணே. ஆனால் மின்விசிறிக் காற்று கடைசிவரை முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.